கப்பல் புறப்படும் முன்: தாம்பரத்தின் இளம் கால்நடை மருத்துவருக்கு ஒரு திறந்த மடல்



வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேறு உறுப்புக் கல்லூரியிலோ பட்டம் பெற்று, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வட்டாரத்தில் சிறு விலங்குச் சிகிச்சையகம், அதாவது நாய், பூனை போன்ற வீட்டு விலங்குகளை மட்டும் பார்க்கும் மருத்துவமனை திறக்கும் ஒருவர், முதல் ஆண்டிலேயே சந்திக்கவிருக்கும் கடினமான நேர்வு பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இராது. பதின்மூன்று வயது நாயின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அந்த நாயின் குடும்பம் அடுத்த வாரக் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறது என்பதும், நாயின் நிலை மோசமானால் முடிவெடுக்க வேண்டியவர்கள் அப்போது நடுக்கடலில் இருப்பார்கள் என்பதும் எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் வராது. இம்மடல் அந்த ஒரு வாரத்தைப் பற்றியது.

சிகிச்சையகத்திற்கு வரும் முதிய விலங்குகளைப் பார்த்தே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் எது விரும்பப்பட்டது என்று சொல்லிவிடலாம். 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாய், மத்தியதர வீடுகளில் அந்த இனத்தின் மீது பெரும் மோகத்தை உண்டாக்கியது. தட்டை முகத்துக்கே உரிய மூச்சுத்திணறலோடு அந்தத் தலைமுறை முதுமையெய்தியதை மூத்த மருத்துவர்கள் பார்த்தார்கள். 2020-ஆம் ஆண்டுப் பொது முடக்கத்தில், வீட்டிலேயே அடைந்துகிடந்த பிள்ளைகளின் நச்சரிப்புக்காக வாங்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சூ குட்டிகள் இன்று நடுவயதில் இருக்கின்றன. பெரிய இன நாய்கள் ஏழு எட்டு வயதிலும் சிறிய இனங்கள் பத்து வயதை ஒட்டியும் முதுமைக்குள் நுழைகின்றன என்ற பொதுக் கணக்கைக் கொண்டால், இன்று பெயர்ப் பலகை மாட்டும் மருத்துவரின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் அந்த அலை முழுவதும் அவருடைய மேசைக்கு வந்து சேரும்.

தென்சென்னைப் புறநகருக்கே உரிய ஒரு குடும்ப அமைப்பையும் அவர் அறிந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது உள்ளே வந்த சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் போன்ற பகுதிகளில், பணி ஓய்வுபெற்ற தம்பதியர் தனியே வாழும் வீடுகளும் அடுக்ககங்களும் ஏராளம். நாய் அவர்களுடையது போலத் தோன்றும். விசாரித்தால், பொறியியல் கல்லூரியில் படித்த மகன் ஒரு மழைநாளில் தூக்கிவந்த குட்டி அது என்பதும், அவன் இப்போது டெக்சாஸிலோ டொராண்டோவிலோ இருப்பதும், 'குட்டி எப்படி இருக்கு?' என்று கேட்ட பிறகே அவனுடைய வாட்ஸ்ஆப் அழைப்பு மற்றச் செய்திகளுக்குப் போவதும் தெரியவரும். சோறு போடுபவர், செலவுக்குப் பணம் அனுப்புபவர், மனத்தளவில் உரிமை கொண்டாடுபவர் என மூன்று பேர் ஒரே நாய்க்கு இருக்கும்போது, முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வி நோய் முற்றும்வரை எழுவதில்லை. எழும்போது, மூவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் கப்பலில் இருப்பார்.

கப்பல் சுற்றுலா இவ்வட்டாரத்திற்கு அண்மையில் வந்த வழக்கம். கார்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 ஜூன் 4 அன்று கொடியசைத்து அனுப்பிவைத்தார்; 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத்தொடங்கிய அந்தக் கப்பல், 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கும் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதற்கு முன்பே, சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கே 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்தில் கப்பலேறுவோர் சென்னையில் இருந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் அனுப்பிவைப்பது இப்போது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது.

மருத்துவரின் நோக்கில் இந்தச் சுற்றுலா ஊட்டி, கொடைக்கானல் பயணங்களிலிருந்து மாறுபட்டது. கொடைக்கானலில் இருப்பவர் தொலைபேசி கேட்டு இரவோடிரவாகக் காரை எடுத்துவிடலாம். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் கடந்ததும் கைப்பேசிக் கோபுரங்களின் எல்லை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு, தனிக் கட்டணம் செலுத்திய கப்பல் இணையம்தான் ஒரே வழி, அறுபது வயதைக் கடந்த தம்பதியர் பலர் அதை வாங்குவதில்லை. நடுவழியில் இறங்கவும் இயலாது. திரும்பும் தேதியும் கல்வெட்டு ஆகிவிடாது: 2022 ஜூனில் புதுச்சேரியில் கரையிறங்க அனுமதி கிடைக்காமல் அதே 'எம்பிரஸ்' கப்பல் கடலிலேயே நிற்க நேர்ந்ததை நாளிதழ்கள் எழுதின. நாயையும் உடன் அழைத்துச் செல்லலாமே என்று கேட்கும் உரிமையாளரும் உண்டு. பயணிகளின் நாய், பூனைகளுக்குக் கூண்டறைகள் வைத்திருக்கும் பெருங்கப்பல் 'குயின் மேரி 2' ஒன்றே என்று சொல்லலாம். அதிலும் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்தில் மட்டும், இருபத்துநான்கு கூண்டுகளில், நெடுநாள் முன்பதிவோடு. சென்னையிலிருந்து கிளம்பும் சுற்றுலாவுக்கு அது பயன்படாத செய்தி. ஆனால் அந்தக் கப்பலில் அமெரிக்க நாய்களுக்காக நியூயார்க் தீயணைப்புக் குழாய் ஒன்றும் ஆங்கிலேய நாய்களுக்காக லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றும் நட்டுவைத்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னால், கலங்கியிருக்கும் உரிமையாளர் ஒருமுறை சிரிப்பார். கடினமான பேச்சைத் தொடங்க அந்தச் சிரிப்பு உதவும்.

பயணத்துக்கு முந்தைய வாரத்தில் இளம் மருத்துவரிடம் இரண்டு வகையான வேண்டுகோள்கள் வரும். ஒன்று, 'நாங்க போறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுடுங்க டாக்டர்' என்பது. மற்றொன்று, 'நாங்க வர்ற வரைக்கும் எப்படியாவது உயிரோட வச்சிருங்க' என்பது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு முதலாவதைக் கேட்டதும் கோபம் வரும். இரண்டாவதைக் கேட்டதும் மனம் இளகும். இரண்டையும் அவர் ஒரே உறுதியோடு மறுபரிசீலனைக்கு உட்படுத்த வேண்டும் என்பதும், இரண்டாவதற்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதும் இம்மடலின் கருத்து. முதல் வேண்டுகோளை வைப்பவர் பெரும்பாலும் கல்நெஞ்சக்காரராக இருப்பதில்லை. தாம் இல்லாத நேரத்தில், அறியாத கைகளில், பயந்தபடி தம் நாய் சாகக்கூடாது என்று அஞ்சுபவராகவே அவர் இருப்பார். நாயின் நிலை உண்மையிலேயே முடிவை நெருங்கியிருந்தால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. நிலை அப்படி இல்லாதபோது, பயணச்சீட்டின் தேதிக்காக ஓர் உயிரை முடிக்க மருத்துவர் உடன்படக் கூடாது. மறுத்த கையோடு, நாயைப் பார்த்துக்கொள்ள மாற்று வழியைத் தேடித் தரவும் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் அன்பின் மொழியில் வருவதால் அதன் விலை கண்ணில் படுவதில்லை. மூச்சுக்குத் தவிக்கும் நாயை ஆக்சிஜன் கூண்டில் வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, ஐந்து நாள் இழுத்துப் பிடித்து, குடும்பம் வந்து பார்த்துத் தலையைத் தடவிய பின் விடைகொடுப்பது யாருடைய தேவைக்காகச் செய்யப்படுகிறது என்று மருத்துவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்குத் தேதி தெரியாது. குடும்பம் வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமையை எண்ணி அது தாக்குப்பிடிப்பதாக மனிதர் கற்பனை செய்துகொள்ளலாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூச்சும் அடுத்த மூச்சும்தான். இதை உரிமையாளரிடம் சொல்ல வேண்டிய இடம் வழியனுப்பும் நாளன்று சிகிச்சையக வாசல் அன்று. குறைந்தது பத்து நாள் முன்னதாக, நாற்காலியில் அமரவைத்து, தம்பதியர் இருவரும் இருக்கும்போது, இயன்றால் வெளிநாட்டு மகனும் அழைப்பில் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சுக்கு ஓர் அளவுகோல் கையில் இருந்தால் நல்லது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வெளியிட்ட வாழ்க்கைத்தர அளவுகோல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. வாழ்க்கைத்தரம் என்பது இங்கே, விலங்கு வலியின்றித் தன் இயல்பான நாளை நடத்த முடிகிறதா என்ற மதிப்பீடு. வலியும் மூச்சும், பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் என்ற ஏழு கூறுகளுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் பொது விதி. மதிப்பெண் போடுவது பள்ளிக்கூடத்தை நினைவூட்டுவதால் சிலர் தயங்குவர். அவர்களுக்கு எளிய வழி, துணிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர். அன்று நாய் தயிர்சாதத்தை விரும்பித் தின்றதா, பால்காரர் மணி அடித்தபோது எழுந்து கேட்டருகே போனதா, படுத்த இடத்திலேயே சிறுநீர் போகாமல் இருந்ததா என்று பார்த்து, நல்ல நாளென்றால் தேதிக் கட்டத்தில் ஒரு வட்டம், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. மூன்று வாரம் கழித்து அந்தத் தாளை மேசையில் விரித்தால், மருத்துவர் சொல்லத் தயங்குவதைத் தாளே காட்டிவிடும். பெருக்கல் குறிகள் மிகுந்த தாளைப் பார்த்த பின் கப்பலைத் தள்ளிப்போட்ட குடும்பமும் இருக்கும், நாயைத் தயக்கமின்றி அனுப்பிவைத்த குடும்பமும் இருக்கும். இரண்டும் தெரிந்தே எடுத்த முடிவாக அமையும்.

பயணத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டா என்பது இங்கே எழும் கேள்வி. இல்லை என்பதே நேரான விடை. வாழ்நாளெல்லாம் அலுவலகமும் கடனும் பிள்ளைகளின் கட்டணமுமாக ஓடிய இருவர் அறுபதுக்குப் பின் முதன்முறையாகக் கடலைப் பார்க்கப் போவதைக் குற்றமாக்குவது மருத்துவத்தின் வேலை அன்று. புறப்படும் தேதி நெருங்க நெருங்கக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பாது என்பதும் உண்மை. மருத்துவர் தர வேண்டியது கணிப்பு, அதாவது நோய் இனி எந்த வேகத்தில் எப்படிப் போகும் என்பதைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு. 'பார்க்கலாம், ஒண்ணும் ஆகாது' என்ற நழுவல் பேச்சு ஒருபோதும் கணிப்பு ஆகாது. 'இந்த வாரம் இறக்க வாய்ப்பு குறைவு, ஆனால் இறந்தால் வியப்பில்லை' என்று சொல்வது கடினம். சொல்லிவிட்டால் குடும்பம் அதற்கேற்ப ஏற்பாடு செய்யும்.

ஏற்பாடுகளில் முதன்மையானது நாய் எங்கே இருக்கும் என்பது. போர்டிங், அதாவது கட்டணத்துக்கு நாய்களைத் தங்கவைக்கும் இடம், இளம் நாய்க்குப் பொருந்தும் அளவுக்குக் கிழ நாய்க்குப் பொருந்துவதில்லை. கண்ணில் புரை விழுந்து, காதும் மந்தமான நாய் தன் வீட்டில் வாசனையையும் பழகிய தடத்தையும் கொண்டு நடமாடுகிறது. புதிய இடத்தில் அந்த வரைபடம் பறிபோகிறது. முதுமை மறதி நோய், அதாவது மனிதரின் அல்சைமரை ஒத்த மூளைத் தேய்வு தொடங்கிய நாய்களில், இரவெல்லாம் சுற்றுவதும் சுவரைப் பார்த்து நிற்பதும் இடம் மாறியதும் கூடிவிடும். இன்னொரு ஆபத்து கண்ணில் படாதது. இதயம் பலவீனமான நாய்க்கு, நுரையீரலில் கோக்கும் நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு என்னும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதனால் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும், அதற்கேற்ப நிறையத் தண்ணீர் குடிக்கும். தரை நனைவதைப் பார்க்கும் பணியாளர், நல்லெண்ணத்தோடேயே, தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஓரம் வைத்துவிடுகிறார். இரண்டே நாளில் சிறுநீரகம் பாதிக்கப்பட அது போதும். மாத்திரைச் சீட்டில் 'தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்' என்று தமிழில், கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்காத மருத்துவர் பாதி மருத்துவமே செய்திருக்கிறார்.

ஆகவே முடிந்தவரை நாய் தன் வீட்டிலேயே இருப்பதும், பல ஆண்டுகளாக வீட்டு வேலைக்கு வந்து அதற்குச் சோறு வைத்துப் பழகிய அம்மாள் அந்த ஐந்து நாளும் வீட்டில் தங்குவதும், அதற்குரிய கூலியைக் குடும்பம் தாராளமாகக் கொடுப்பதும் சாலச் சிறந்தது. அவருக்கு மருத்துவர் கற்றுத்தர வேண்டியது ஒன்று உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு, அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால், மறுநாள் வரை காத்திராமல் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இதய நோயாளி நாய்களில் நுரையீரலில் நீர் கோப்பதை முன்கூட்டியே காட்டும் நம்பகமான அறிகுறி இது. கைப்பேசியில் நேரம் பார்க்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். வலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையை மனம் பொறுக்காமல் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: இபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு, பாராசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி.

அடுத்தது ஒப்புதல் தாள். இந்தியச் சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு விலங்கு ஓர் உடைமை. அதன் உயிரை முடிக்க உடையவரின் சம்மதம் வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மீளாத் துன்பத்தில் உள்ள விலங்கைப் பற்றிப் பேசுகிறது. உடையவர் இல்லாதபோதோ மறுக்கும்போதோ காவல் அலுவலர், அப்பகுதிக் கால்நடை அலுவலரின் சான்று, நடுவரின் ஆணை என்று அது காட்டும் வழி நீளமானது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மாட்டையும் குதிரையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாகத் தோன்றும் அந்த வழியில், நள்ளிரவில் செம்பாக்கத்தில் வலிப்பு நிற்காமல் துடிக்கும் ஸ்பிட்ஸ் நாய்க்குப் பயன் ஏதும் இல்லை. அதனால் பயணத்துக்கு முன்பே, தமிழில், ஒரே பக்கத்தில், தம்பதியர் இருவரும் கையெழுத்திட்ட தாள் சிகிச்சையகக் கோப்பில் இருக்க வேண்டும். கரையில் இருக்கும் யார், மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ, தங்கள் சார்பில் முடிவெடுக்கலாம் என்பதையும், அவரைப் பிடிக்க முடியாவிட்டால் மருத்துவரே எடுக்கலாமா என்பதையும் அது பெயரோடு சொல்ல வேண்டும். எந்த அறிகுறிகளில், எடுத்துக்காட்டாகச் சிகிச்சைக்கு அடங்காத மூச்சுத்திணறலில், அடுக்கடுக்காக வரும் வலிப்பில், எழவே முடியாத நிலையில், ஊசி போட்டு விடைகொடுக்கலாம் என்பதையும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புகிறார்களா என்பதையும் எழுத வேண்டும். செலவின் உச்சவரம்பை எழுதச் சொல்லும்போது உரிமையாளர் கூச்சப்படுவார். மருத்துவர் கூச்சப்படக் கூடாது. இந்தத் தாள் இருந்தால் நள்ளிரவில் மைத்துனர் தனியே தவிக்க மாட்டார், திரும்பி வந்த பின் அண்ணன் தங்கைக்குள் 'நீ ஏன் சொல்லல?' என்ற சண்டையும் வராது.

எல்லாக் குடும்பமும் ஊசிக்கு உடன்படும் என்று எதிர்பார்ப்பது தவறு. கருணைக்கொலை பாவம், தன் விதிப்படி அதுவே போகட்டும் என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்தில் வலுவாக உண்டு. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. இளம் மருத்துவர் அதை மூடநம்பிக்கை என்று வாதிட்டு வெல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அவருடைய கடமை வலி தணிப்பு மருத்துவம், அதாவது நோயைக் குணமாக்கும் முயற்சியை விட்டுத் துன்பத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட பராமரிப்பு. போதிய வலிநிவாரணி, தோலடியில் ஏற்றும் நீர், படுக்கைப்புண் வராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுதல், வாயை ஈரத்துணியால் துடைத்தல் என அது உழைப்பு மிக்க வேலை. ஊரில் இருப்பவர்களால்தான் இயலும். 'ஊசி வேண்டாம்' என்பதும் 'கப்பலில் போகிறோம்' என்பதும் ஒருசேர வரும்போது, அந்த உழைப்பை யார் செய்வார் என்று கேட்பது மருத்துவரின் உரிமை.

ஊசிக்கு உடன்பட்டவர்களிடம் என்ன நடக்கும் என்பதை முன்பே விளக்க வேண்டும். முதலில் மயக்க ஊசி. நாய் தூங்கிய பின், முன்னங்காலில் ஒரு சிறு பகுதியில் முடியை மழித்து, சிரையில் கேனுலா என்னும் நெகிழிக் குழாயைச் செருகி, தயோபென்டோன் போன்ற பார்பிட்யூரேட் வகை மருந்தை மிகை அளவில் செலுத்துகிறார்கள். நீர்ச்சத்து வற்றிய கிழ நாயின் சிரை எளிதில் அகப்படாது. குடும்பத்தின் கண்முன்னே நான்கு முறை குத்துவதைவிட, உள்ளறைக்கு எடுத்துச் சென்று கேனுலாவைப் பொருத்தி, பிறகு மடிக்குக் கொண்டுவருவது நல்லது. உயிர் போன பின்னும் கண் மூடாது. ஓரிரு முறை பெருமூச்சு போன்ற ஓசை வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், 'உயிர் இருக்கும்போதே விட்டுட்டாங்களோ?' என்ற ஐயம் அந்தக் குடும்பத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சில நிமிடம் முழுமையாகக் கேட்ட பிறகே இறப்பை அறிவிக்க வேண்டும்.

உடலைப் பற்றிய பேச்சையும் தள்ளிப்போடலாகாது. முன்பு ராஜகீழ்ப்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்றாவது இருக்கும், குழிதோண்டிப் புதைத்து மேலே ஒரு செம்பருத்திக் குச்சியை ஊன்றிவிடுவார்கள். இன்று அந்த மனைகளெல்லாம் அடுக்ககங்கள். மண் இருக்கும் இடத்திலும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நேரில் பார்த்தவர்களுக்கு, ஆழமற்ற குழி அடைமழையில் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அருகில் எங்கே எரியூட்டலாம், எந்த நேரம் வரை ஏற்பார்கள், வண்டி யார் ஓட்டுவார் என்பதை மருத்துவர் கடை திறந்த முதல் மாதத்திலேயே நேரில் போய் விசாரித்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். முப்பது கிலோ லாப்ரடாரை நான்காம் மாடியிலிருந்து இறக்க இரண்டு பேரும் ஒரு கெட்டியான போர்வையும் தேவை என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும்.

இழப்பை ஒட்டி வரும் துயரத்துக்கு இரண்டு பெயர்களை உளவியல் தருகிறது. எரிக் லிண்டெமன் 1944-இல் எழுதிய ஆய்வில் பேசிய முன்துயரம், இழப்பு நிகழும் முன்பே அதற்காக வருந்தத் தொடங்குவது. கப்பலின் மேல்தளத்தில் நின்றும் மனம் வீட்டிலிருக்கும் நாயிடமே இருப்பது இவ்வகை. கென்னத் டோகா 1989-இல் வரையறுத்த அங்கீகாரமற்ற துயரம், சமூகம் துயரமென்று ஏற்காததால் வெளியே காட்ட இயலாத துயரம். மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஆள் வரும், பத்தாம் நாளும் பதினாறாம் நாளும் உண்டு. நாய் இறந்த மறுநாள் அலுவலகத்தில் விடுப்புக் கேட்கக்கூட வாய் வராது. 'ஒரு நாய்க்குப் போய் இப்படியா?' என்ற கேள்வியைச் சொந்த உறவினரே கேட்பர், மேல்நாட்டு மோகம் என்றும் சேர்த்துக்கொள்வர். அதற்கான விடை திருவண்ணாமலை மாவட்டத்தில் கல்லாகவே நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்வனைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுத்தில் பொறித்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில், அதற்காக அழுபவர் யாரிடமிருந்தும் எதையும் கடன் வாங்கவில்லை.

தெருவில் வளர்ந்து அடுக்ககமே சோறு போட்ட பொது நாய்க்கு இவற்றுள் பலவும் பொருந்தா. கையெழுத்திட உரிமையாளர் இல்லை. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளோடு முன்னரே தொடர்பு வைத்திருப்பது ஒன்றே மருத்துவருக்கு அங்கே வழி. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

எஞ்சுவது, குடும்பம் கடலில் இருக்கும்போதே நாய் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பது. செய்தியை உடனே சொல்ல வேண்டுமா, கரை சேர்ந்த பின் சொன்னால் போதுமா என்பதை ஒப்புதல் தாளிலேயே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். தெரிந்துகொண்டே மீதிப் பயணத்தைக் கடக்க விரும்புவோரும் உண்டு, துறைமுகத்தில் இறங்கிக் காரில் ஏறிய பிறகு கேட்க விரும்புவோரும் உண்டு; இரண்டில் எது சரியென்று தீர்ப்புச் சொல்லும் வேலை மருத்துவருக்கு இல்லை. பின்னதைத் தேர்ந்தவர்களுக்கு, வெளிநாட்டு மகனிடமும் அதே தேதி வரை செய்தி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஓர் அனுதாபப் படம் கப்பலுக்கு முந்திச் சேர்ந்துவிடும். நோய்க்குறிப்பில் கடைசியாக எப்போது என்ன தின்றது, எந்த மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, உடன் இருந்தவர் யார் என்பதையெல்லாம் அன்றைய இரவே எழுதிவிட வேண்டும். ஊர் திரும்பிய தம்பதியர் கேட்கப்போவது நோயின் பெயரை விடவும் இவற்றைத்தான். தடுப்பூசி நாளை நினைவூட்டும் தானியங்கிக் குறுஞ்செய்திப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அன்றே நீக்கிவிட வேண்டும். கழுத்துப் பட்டையை வாங்க அவர்கள் வரும் நாளில், மற்ற நோயாளிகள் இல்லாத நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சு புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதால், அன்று மேசையில் ரசீதுப் புத்தகம் இருக்கத் தேவையில்லை.